நூல் பிடித்த பிறகுதான் துளை: உதிரி பாகங்களிலிருந்து ஒரு பேஸ் கிட்டார்

என் முதல் பேஸைச் சேர்த்தபோது, பிரிட்ஜுக்கான (கம்பிகளின் கீழ் முனையைத் தாங்கும் உலோகத் தகடு) துளைகள் பாடியில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. அவற்றை நம்பி ஐந்து திருகுகளையும் முடுக்கிவிட்டேன். கம்பி மாட்டியதும்தான் தெரிந்தது, மெல்லிய ஜி கம்பி, விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் ஓரத்தை உரசிக்கொண்டு ஓடியது. பாடிக்கு அருகே உள்ள மேல் ஃப்ரெட்டுகளில் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) விரல் வைத்தால் வழுக்கி வெளியே விழுந்தது. எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, காய்ந்த பிறகு புதிதாகப் போட்டேன். அதற்குப் பிறகு மூன்று பேஸ் சேர்த்திருக்கிறேன். மூன்றிலும் முதல் வேலை நூல் பிடிப்பதுதான்.

பாகங்கள் வாங்குவதைப் பற்றி முதலில். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன், 1960-இல் வந்த ஜாஸ் பேஸ், இந்த இரண்டின் அளவை ஒட்டிய நெக்கும் (கழுத்துப் பகுதி) பாடியும்தான் தனித்தனியாக எளிதில் கிடைக்கும். முதல் முறை செய்பவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஸ்கேல் நீளம், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளம், 34 அங்குலம். நெக்கின் அடிப்பகுதி அகலம் சுமார் 63.5 மி.மீ.; பாடியில் அது உட்காரும் பள்ளமும் அதே அளவில் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் இரண்டு அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நட் பக்கத்தில் ஜாஸ் நெக் 38 மி.மீ. அகலம்தான், பிரிசிஷன் நெக் அதைவிட அகலம். எனக்குக் கை சிறியது. அதனால் பிரிசிஷன் பாடியில் ஜாஸ் நெக்கைப் போட்டுத்தான் வாசிக்கிறேன். அடிப்பகுதி ஒரே அளவு என்பதால் பொருந்திவிடுகிறது. தலையில் கம்பியை முறுக்கும் ட்யூனர்களில் எடை குறைந்ததை எடுங்கள். தலை கனத்தால் வாசிக்கும்போது நெக் கீழே சாய்ந்துகொண்டே இருக்கும், இடது கைக்கு அதைத் தாங்குவதே வேலையாகிவிடும்.

சரி, நூலுக்கு வருவோம். நெக்கைப் பள்ளத்தில் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிரிட்ஜை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் பாடியில் தற்காலிகமாக ஒட்டுங்கள். இரண்டு ஓரங்களிலும் உள்ள ஈ கம்பியும் ஜி கம்பியும் போகும் வழியில், நட்டிலிருந்து பிரிட்ஜின் இரண்டு கடைசி சாடில்கள் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டுகள்) வரை தையல் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு நூலுக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். நீளத்துக்கு, நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 17 அங்குலம் என்று முதலில் உறுதி செய்துகொண்டு, ஜி சாடிலை முன்பக்கமாகத் தள்ளி வைத்து அது சரியாக 34 அங்குலத்தில் வருமாறு பிரிட்ஜை நிறுத்துங்கள். ஸ்ருதி சரிசெய்யும்போது சாடில்கள் பின்னால்தான் போகும், ஈ கம்பிக்கு மற்றவற்றைவிட அதிகமாக. அதற்குப் பின்னால் இடம் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போனாலும் போகட்டும்.

துளை போடும்போது, பாடியில் உள்ள நான்கு துளைகளிலும் நெக் திருகு தடையில்லாமல் நுழைய வேண்டும். மரை பிடிப்பது நெக்கில் மட்டும். பாடியிலும் பிடித்தால் எவ்வளவு முடுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும். மேப்பிள் நெக்கில் 3.2 மி.மீ. பிட்டால் துளை போடுங்கள். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் டிரில்லைத் தொடவே கூடாது, மறுபக்கம் ஃபிங்கர்போர்டு இருக்கிறது. திருகில் மெழுகு தடவினால் தலை முறியாமல் இறங்கும். பிரிட்ஜைப் பொருத்துவதற்கு முன் அதன் அடியிலிருந்து வயரிங் உட்காரும் கட்டுப்பாட்டுக் குழி வரை ஒரு எர்த் வயர் போக வேண்டும். இதை மறந்தால் ஆம்பில் இரைச்சல் நிற்காது.

வயரிங் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பிரிசிஷனில் மொத்தமே இரண்டு பாட் (ஒலியளவையும் தொனியையும் மாற்றும் திருகு குமிழ்கள்), ஒரு கப்பாசிட்டர், ஆம்ப் வயரைச் செருகும் ஒரு ஜாக். பாட் இரண்டும் 250 கிலோ ஓம், கப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட். பாட்டின் முதுகில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுவதுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்னால் சில நொடிகளில் முடித்துவிடுங்கள். வலு குறைந்த அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் பாட்டின் உள்ளே கெட்டுவிடும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) முழுதாகத் திறக்கும்போது ஒலி மெலிந்து, அடித்தொனி காணாமல் போனால், ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். கம்பி கட்டுவதற்கு முன்பே ஆம்பில் போட்டு, பிக்கப்பின் மேல் ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் தட்டினால் சத்தம் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

கம்பியை வெட்டும் முன், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் மடக்கிவிடுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் கம்பியிலிருந்து மேல் சுற்று நழுவாது.

அப்புறம் செட்டப். வரிசை மாறக் கூடாது: டிரஸ் ராட் (நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கோல்), உயரம், ஸ்ருதி. கம்பிகளைச் சரியாக ட்யூன் செய்து ஒரு நாள் அப்படியே விட்டு, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒன்றாக அழுத்துங்கள். நடுவில், 8-ஆம் ஃப்ரெட் பக்கம் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி போதும். டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். 17-ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பியின் உயரம் 2.4 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. எனக்குப் பிடித்திருக்கிறது. சாடிலை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால், நெக் பள்ளத்தில் பிக்கப் பக்கத்து ஓரத்தில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வையுங்கள். கடைசியாக, 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ஸ்ருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் சாடில் பின்னால், குறைவாகக் காட்டினால் முன்னால்.

ஒரு வாரம் கழித்து, கம்பிகள் விறைப்பில் இருக்கும்போதே நான்கு நெக் திருகுகளையும் கால் சுற்று தளர்த்துங்கள். சில சமயம் லேசாக ஒரு ‘டக்’ கேட்கும். நெக் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்துவிட்டது. ஜி கம்பி இன்னும் ஓரத்துக்கு நெருக்கமாக இருந்தால், இப்போது நெக்கின் அடிப்பகுதியைக் கையால் அந்தப் பக்கமே மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு திருகுகளை மறுபடி முடுக்கி, ட்யூன் செய்துவிடுங்கள்.