ரத்தக்கறையும் விரல்ரேகையும்: சம்பவ இடத்தில் தடயம் எடுப்பது எப்படி

தடயவியல் ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், கவருக்குள் என்ன வந்து சேர்ந்ததோ அதைத்தான் சோதிக்க முடியும். ஈரச் சட்டையைப் பாலித்தீன் பையில் சுருட்டி அனுப்பினால், பையைப் பிரிக்கும்போது பூஞ்சை வாடைதான் முதலில் வரும். ரத்தத்தில் இருந்த டிஎன்ஏவைப் பாக்டீரியா ஏற்கெனவே சிதைத்திருக்கும். புதிதாகப் புலனாய்வுக்கு வரும் காவலர்களும் தடயவியல் மாணவர்களும் கவனிக்க வேண்டிய வேலைகளை, செய்யும் வரிசையிலேயே பார்ப்போம்.

கை வைப்பதற்கு முன்

உள்ளே போக ஒரே ஒரு பாதையை முடிவு செய்யுங்கள். குற்றவாளி நடந்திருக்க வாய்ப்புள்ள வழியாக அது இருக்கக் கூடாது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று வாசலில் ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது படம். முழு அறை, பொருள் இருக்கும் பகுதி, பொருள் மட்டும் என்று மூன்று தூரங்களில் எடுங்கள். நெருக்கமான படத்தை அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று என இரண்டாக எடுங்கள். கேமரா பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்து எடுத்த ரேகைப் படத்தில் அளவு பிசகிவிடும், ஒப்பிடும்போது பயன்படாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது 176(3). இது எந்தத் தேதியிலிருந்து என்பதை அந்தந்த மாநிலம் அறிவிக்க வேண்டும். நிபுணர் வந்து சேரும்வரை இடத்தைக் கலைக்காமல் காப்பது முதலில் போகும் காவலரின் பொறுப்பு.

ரத்தமா, வேறு கறையா?

பழுப்புக் கறையெல்லாம் ரத்தமல்ல. முதல் சோதனைக்கு, ஒடுக்கி நிறம் நீக்கிய ஃபீனால்ஃப்தலீன் கரைசல் போதும். ஆனால் கறை மேல் நேரடியாக எதையும் ஊற்றாதீர்கள். வடிதாளின் முனையால் கறையை லேசாகத் தேய்த்து, அந்தத் தாளில் ஒரு துளி ஆல்கஹால், பிறகு ஒரு துளி ஃபீனால்ஃப்தலீன் கரைசல் விட்டுச் சில விநாடி காத்திருங்கள். இப்போதே இளஞ்சிவப்பு வந்தால், துருவோ வேறு ஆக்சிஜனேற்றப் பொருளோ இருக்கிறது, முடிவு செல்லாது. நிறம் வராவிட்டால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விடுங்கள். பத்துப் பதினைந்து விநாடிக்குள் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். அதற்குப் பிறகு வரும் நிறத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், கரைசல் காற்றிலேயே தானாகச் சிவக்கும். தெரிந்த ரத்தக்கறை ஒன்றில் கரைசலைச் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

‘இருக்கலாம்’ என்ற சொல் இங்கே முக்கியம். முள்ளங்கி, உருளைக்கிழங்கு போன்றவற்றில் உள்ள நொதிகளும் இதே நிறத்தைத் தரும். ஆட்டு ரத்தமும் தரும். மனித ரத்தமா என்று சொல்வது ஆய்வகத்தின் வேலை. ‘மனித ரத்தம் இருந்தது’ என்று மகஜரில் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் கைப்பற்றுதல் ஆவணத்தில்) எழுதிவிட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

கறையை எடுப்பது

தூக்கிச் செல்ல முடிந்த பொருளை அப்படியே எடுங்கள். தரை, சுவர் என்றால் சுவாப், அதாவது பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பது, போதும்.

ஒவ்வொரு கறைக்கும் புதுக் கையுறை. பஞ்சுக் குச்சியின் முனையில் கிருமி நீக்கிய வாலைவடிநீர் ஒன்றிரண்டு துளிக்கு மேல் வேண்டாம். சொட்டச் சொட்ட நனைத்தால் ரத்தம் பஞ்சு முழுக்கப் பரவி நீர்த்துவிடும். குச்சியை உருட்டி, கறை முழுவதையும் பஞ்சின் ஒரே முனைக்குள் திரட்டுங்கள். அதே இடத்தை உலர்ந்த இன்னொரு குச்சியால் மறுபடி துடைத்து எடுங்கள். முதல் குச்சியின் ஈரம் இளக்கிவிட்ட செல்கள் இதில் ஏறும். பிறகு, கறை இல்லாத பக்கத்துப் பகுதியிலிருந்தும் ஒரு சுவாப். நம் ஊர் மகஜர்களில் ‘ரத்தக்கறை படிந்த சிமெண்ட் துண்டு, ரத்தக்கறை இல்லாத சிமெண்ட் துண்டு’ என்று இரண்டாக எழுதுவதற்குக் காரணம் இந்த ஒப்பீடுதான். மண் எடுத்தாலும் அப்படியே.

எடுத்ததும் உலர்த்துங்கள். நிழல், அறை வெப்பம், காற்றோட்டம். வெயில் வேண்டாம், புற ஊதாக்கதிர் டிஎன்ஏவை உடைக்கும். ஹேர் டிரையர் வேண்டாம். மின்விசிறியை நேராகத் திருப்பவும் வேண்டாம், ஒரு துணியின் துகள் இன்னொன்றுக்குப் பறக்கும். கறை மடிப்பில் எதிர்ப்பக்கம் ஒட்டாதபடி, துணிக்கு நடுவே சுத்தமான தாளை வைத்து மடியுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு காகித உறை. இறந்தவரின் சட்டையும் சந்தேக நபரின் சட்டையும் ஒரே மேசையில்கூடப் படக் கூடாது. நனைந்த துணியைப் பிளாஸ்டிக்கில் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் வந்தால், சில மணி நேரத்துக்குள் வெளியே எடுத்து உலர்த்திவிட வேண்டும்.

கையுறை, முகக்கவசம் அணிவதோடு சுத்தம் முடிந்துவிடுவதில்லை. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007-இல் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் கிடைத்த பெண் டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 சம்பவ இடங்களில் தென்பட்டது. கொலைகாரி ஒருத்தியைப் போலீஸ் நாடு நாடாகத் தேடியது. 2009-இல்தான் உண்மை தெரிந்தது: அது சுவாப் குச்சிகளைக் கையாண்ட தொழிற்சாலைப் பெண்ணின் டிஎன்ஏ. குச்சிகளில் கிருமி இல்லை, ஆனால் டிஎன்ஏ இருந்தது. தடயப் பொருள்களில் மனித டிஎன்ஏ கலப்பைக் குறைப்பதற்கான ஐஎஸ்ஓ 18385 தரநிலை 2016-இல் வந்தது. சுவாப் வாங்கும்போது உறையில் அதைத் தேடுங்கள். பயன்படுத்தாத குச்சி ஒன்றையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

ரேகையா டிஎன்ஏவா, எது முதலில்?

ஒரே தொடுதலில் இரண்டும் இருக்கும். ரேகைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் ரேகையைக் காப்பாற்றுங்கள். வழுக்கித் தேய்ந்த தடமாக இருந்தால் சுவாப் எடுங்கள். ஒரே பிரஷ்ஷை இடத்துக்கு இடம் கொண்டுபோனால் டிஎன்ஏவும் கூடவே போகும். அதனால் பவுடர் தூவும் முன் சுவாப் வேலையை முடியுங்கள். ரத்தத்தில் பதிந்த ரேகைக்குப் பவுடர் வேண்டாம். படம் எடுத்து, நன்றாக உலரவிட்டு, முடிந்தால் பொருளையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கண்ணாடி, பீரோ, டைல்ஸ் போன்ற வழவழப்பான பரப்புக்குப் பவுடர். வெளிர் பரப்புக்குக் கறுப்பு, அடர்நிறப் பரப்புக்கு அலுமினியப் பவுடர். பிரஷ்ஷின் நுனி மட்டும் பவுடரில் படட்டும், அதிகம் ஒட்டியதை உதறிவிடுங்கள். கோடுகள் தெரியத் தொடங்கியதும் அவை ஓடும் திசையிலேயே பிரஷ்ஷை நகர்த்துங்கள். ரேகை கெடுவது பெரும்பாலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று தூவுவதால்தான், பவுடர் கோடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். முதலில் படம், பிறகுதான் டேப். ஒரு ஓரத்தில் ஒட்டி, காற்றுக்குமிழி தங்காமல் விரலால் நீவிக்கொண்டே போய், ஒரே இழுப்பில் எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். எந்த இடம், எது மேல்பக்கம், தேதி, நேரம், எடுத்தவர் கையொப்பம் எல்லாம் அட்டையில் இருக்கட்டும்.

காகிதத்துக்குப் பவுடர் போடாதீர்கள். அங்கே நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள். வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும். மையைக் கரைக்கக்கூடும் என்பதால் எழுத்தை முன்பே படம் எடுங்கள். ரேகையை ஒளிரச் செய்யும் டிஎஃப்ஓ என்ற வேதிப்பொருளையும் பயன்படுத்துவதாக இருந்தால், அதை நின்ஹைட்ரினுக்கு முன்பே செய்ய வேண்டும். தண்ணீரில் நனைந்த காகிதத்தில் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும், அதற்கு எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும் வேறு முறை உண்டு, ஆய்வகத்துக்கு விடுங்கள்.

பிளாஸ்டிக் பை, பாட்டிலுக்கு சூப்பர் க்ளூ ஆவி. மூடிய பெட்டிக்குள் சில துளி பசையைச் சூடாக்கி, ஈரப்பதத்தை 80 சதவீத அளவில் வைத்தால் ரேகை வெள்ளையாக எழும். கண்ணாடித் துண்டில் நம் விரலை வைத்து அதையும் உள்ளே தொங்கவிடுங்கள், அதில் கோடு தெரிந்ததும் நிறுத்துங்கள். விட்டுவிட்டால் முழுப் பரப்பும் வெளுத்துவிடும்.

வீட்டுக்காரர், வேலையாள், முதலில் போன காவலர் ஆகியோரின் ரேகைகளையும் வாங்குங்கள், கழிக்க வேண்டியவை அவைதான். கணினி காட்டும் பொருத்தத்தை இறுதி என்று நினைக்காதீர்கள். 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த பையின் ரேகையை, அமெரிக்காவின் எஃப்பிஐ ஓரிகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்றது. அவர் கைதானார். ஸ்பெயின் போலீஸ் பின்னர் அதை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டது. இரண்டாவதாகப் பார்க்கும் நிபுணருக்கு முதலாமவரின் முடிவு தெரியாமல் இருப்பதே இதற்கு மருந்து.

உறையும் முத்திரையும்

ஒவ்வொரு உறையிலும் குற்ற எண், பொருள் எண், எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர், சாட்சிகளின் கையொப்பம். அரக்கு முத்திரையின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்திலும் பதியுங்கள். ஆய்வகம் அதையும் உறையில் உள்ளதையும் ஒப்பிட்டுத்தான் பெற்றுக்கொள்ளும். மகஜரில் ‘இரண்டு சட்டை’, உறையில் ‘ஒரு சட்டை, ஒரு பனியன்’ என்றிருந்தால் அறிக்கை எவ்வளவு நன்றாக வந்தாலும் வாதம் அங்கேயே சறுக்கும்.

ஒப்பீட்டுக்கான ரத்தத்தை, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள குழாயில் 2 முதல் 5 மில்லி எடுத்து, 4 டிகிரியில் வையுங்கள், கண்ணாடிக் குழாயை உறைய விடாதீர்கள். விஷமோ மதுவோ சந்தேகம் என்றால் சோடியம் ஃபுளோரைடு உள்ள குழாய் தனியாக வேண்டும். உலர்ந்த சுவாப்பும் துணியும் ஈரமில்லாத இடத்தில் காகித உறையிலேயே இருக்கலாம். பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பெயர், தேதி, நேரம், கையொப்பம் வேண்டும். நிலையத்து அலமாரியிலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் காவலரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.