பிரஷரை எழுதும்போது மணியையும் எழுதுங்கள்

சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சுகாதார அமைச்சின் 2021–2022 கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் பலர் வீட்டிலேயே பிரஷர் மிஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதில் வரும் எண்ணை எந்த மணிக்கு எடுத்தோம் என்று குறித்து வைப்பவர்கள் குறைவு. மணி தெரியாத எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பயமும் வருகிறது, தப்பான தைரியமும் வருகிறது.

நோயில்லாத உடம்பிலும் பிரஷர் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்காது. விடியும் முன்பே கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கும். எழுந்ததும் அழுத்தம் விறுவிறுவென ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் காலை வேளையில் அதிகம் நேர்வதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம். பகலில் நடைக்கும் வேலைக்கும் கோபத்துக்கும் ஏற்ப அது ஏறி இறங்கும். தூக்கத்தில் பகல் அளவைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை குறையும். பகலில் மேல் எண் 130 என்றால், உறக்கத்தில் 104 முதல் 117 வரை இருப்பது இயல்பு.

இது தெரியாததால், நேற்று இரவு 122, இன்று காலை 142 என்றதும் மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். படுக்கப் போகும் முன்பு மட்டும் அளந்து, எண் குறைவாக இருப்பதைப் பார்த்துத் தாமாகவே மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. இது இன்னும் ஆபத்தானது. காலை எண்ணைக் காலை எண்ணோடும் இரவு எண்ணை இரவு எண்ணோடும்தான் ஒப்பிட வேண்டும்.

என் சின்னம்மா காலையில் முதலில் தேநீர் குடிப்பார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடக் கீழே இறங்குவார். மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி வந்து உட்கார்ந்ததும், ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிக்கொள்வார். அது காற்று ஏறி இறுகும்போதே, தேக்கா சந்தையில் என்ன வாங்க வேண்டும் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். தேநீரும் படியும் பேச்சும் எண்ணை ஏற்றும். சற்று முன் போட்ட மாத்திரை இறக்கத் தொடங்கியிருக்கும். துணிக்கு மேல் சுற்றிய பட்டை எப்படியும் சரியாகக் காட்டாது. “சின்னம்மா, கழிவறைக்குப் போய்விட்டு வந்து, தேநீர் கலக்கும் முன்னாலேயே உட்காருங்கள்” என்றுதான் அவரிடம் சொன்னேன்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் பசியாறுவதற்கும் முன்பு அளக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இரவில் படுக்கும் முன்பும் அப்படியே. பலதுறை மருந்தகத்துக்குப் போகும் முன் ஒரு வாரம் இப்படி எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி. மருந்தகத்தில் அளந்தால் 140/90 எல்லை. வீட்டில் எடுத்த சராசரிக்கு 135/85தான் எல்லை.

இரவு இறங்க வேண்டிய அழுத்தம் சிலருக்கு இறங்குவதே இல்லை. பகலில் எண் சரியாக இருந்தாலும் இவர்களுடைய இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஓய்வில்லை. நீரிழிவு, சிறுநீரக நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு ஆகியவை உள்ளவர்களிடம் இது அதிகம். இதைக் கண்டுபிடிக்க அலாரம் வைத்து நடுஇரவில் எழுந்து அளக்காதீர்கள். விழித்ததுமே எண் மாறிவிடும். 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் கருவி தூக்கத்திலேயே அளந்துவிடும். அதில் இரவுச் சராசரி 120/70ஐத் தாண்டக்கூடாது. உங்கள் குறட்டை நடுவில் நின்று மூச்சுத் திணறுகிறது என்று வீட்டில் சொன்னால், சிரித்துத் தள்ளாமல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

உப்புக்கும் இதில் பங்குண்டு. பகலில் வெளியேற்றி முடியாத உப்பை இரவில் வெளியேற்ற, உடல் அழுத்தத்தை உயர்த்தியே வைத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். 2022இல் சிங்கப்பூரர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொண்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2,000. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவுக்கு இரண்டாவது கிண்ணம் கறி கேட்கும் வழக்கத்தை மட்டுமாவது விடலாம்.

இரவுப் பணி செய்யும் பாதுகாவலர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் கடிகாரம் காட்டும் காலை கணக்கல்ல. நீண்ட தூக்கத்திலிருந்து எழும் நேரமே அவர்களுக்குக் காலை. பணி முடிந்து களைத்து வந்த கையோடு அளந்தால் அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மாத்திரையை இரவில் போட்டால்தான் பலன் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி நேரத்தை மாற்றாதீர்கள். பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு தெரியவில்லை. மறக்காமல் போட வசதியான நேரமே நல்ல நேரம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை இரவுக்கு மாற்றினால் நடுஇரவில் எழ வேண்டிவரும். வயதானவர்கள் தலைசுற்றி விழுவது அப்போதுதான். எப்போது எழுந்தாலும் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும்.

நடுஇரவில் தற்செயலாக அளந்து 180/120ஐத் தாண்டியிருந்தால், கூடுதல் மாத்திரையை விழுங்காதீர்கள். அழுத்தம் சட்டென்று சரிந்தால் அதுவும் கேடு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளங்கள். அப்போதும் அதே அளவென்றால் தாமதிக்காமல் மருத்துவரை அணுகுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளக்க வேண்டாம், டாக்சிக்கும் நிற்க வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள்.