எல்டிஸ்பைஸில் ஓடிய சர்க்யூட்டை எப்போது நம்பலாம்?

இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்களால் எல்இடியை மாறி மாறி மின்ன வைக்கும் அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிமுலேஷனை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பது இந்த ஒரு சர்க்யூட்டிலேயே புரிந்துவிடும். வயர் இழுப்பது, பாகங்களைத் திருப்பிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை.

கருவி: எல்டிஸ்பைஸ், சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர். இலவசம், வேகமானது. மின்சாரம் ஓடுவதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஃபால்ஸ்டாட் என்ற இன்னொரு சிமுலேட்டர் அருமை. ஆனால் அளவெடுக்க நான் எல்டிஸ்பைஸைத்தான் திறப்பேன்.

1. வரையுங்கள். சப்ளை 9 வோல்ட், கலெக்டர் ரெசிஸ்டர் 1 கே, பேஸ் ரெசிஸ்டர் 47 கே, கெப்பாசிட்டர் 10 மைக்ரோ. எல்இடி இப்போதைக்கு வேண்டாம். கிரவுண்ட் கட்டாயம். டிரான்சிஸ்டரில் ரைட் கிளிக் செய்து பட்டியலிலிருந்து பிசி547பி-யைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பு எழுதும்போது கவனம்: எம் என்று போட்டால் அது மில்லி, மெகா அல்ல. மெகாவுக்கு 'மெக்' என்று மூன்றெழுத்தும் வேண்டும்.

2. டிரான்சியன்டில் (நேரம் போகப் போக வோல்டேஜ் எப்படி மாறுகிறது என்று காட்டும் ஓட்டம்) 5 நொடி கொடுத்து ஓட்டுங்கள். அலை வராது, நேர்கோடுதான் வரும். சர்க்யூட் சரிதான். சிமுலேட்டர் முதலில் டிசி நிலையை, அதாவது எதுவும் மாறாமல் நிற்கும் நிலையைக் கணக்கிடுகிறது. அதில் இரண்டு டிரான்சிஸ்டரும் முழுக்க ஆன். இரண்டும் அச்சு அசல் ஒன்றே என்பதால் எது முந்துவது என்று முடிவாகாமல் அப்படியே நின்றுவிடும். நிஜத்தில் இரண்டு பிசி547 ஒரேமாதிரி இருக்காது, கெப்பாசிட்டர்களும் காலியாகவே தொடங்கும். அதனால் தானாகக் கிளம்பிவிடும். இங்கே நாம்தான் ஒரு தள்ளு கொடுக்க வேண்டும்: ஒரு பேஸுக்குப் பெயர் வைத்து, ஸ்பைஸ் டைரக்டிவில் (சிமுலேட்டருக்கு எழுதும் கட்டளை வரி) ஐசி கட்டளையால் அதன் தொடக்க வோல்டேஜைப் பூஜ்யமாக்குங்கள். இப்போது சுமார் 0.65 நொடிக்கு ஒரு சுற்று வரும். 0.693-ஐ 2, ஆர் (பேஸ் ரெசிஸ்டர்), சி (கெப்பாசிட்டர்) மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள், கணக்கும் அதையேதான் சொல்லும்.

3. இங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், பேஸ் வோல்டேஜைக் கிளிக் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் அது மைனஸ் 8 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பிசி547 டேட்டாஷீட்டில் எமிட்டர்-பேஸ் ரிவர்ஸ் வோல்டேஜின் உச்சவரம்பு 6 வோல்ட். சிமுலேட்டர் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் வழக்கமான டிரான்சிஸ்டர் மாடலில் எமிட்டர்-பேஸ் சந்தியின் பிரேக்டவுனே (வரம்பு மீறினால் தலைகீழாகக் கடத்துவது) கிடையாது. நிஜத்தில் அந்தச் சந்தி ஜீனர் டயோடு போலக் கடத்தத் தொடங்கலாம். அப்போது மின்னும் வேகம் கணக்கைவிடக் கூடும், நாளடைவில் டிரான்சிஸ்டரின் கெயினும் (கரண்டைப் பெருக்கும் திறன்) குறையும். கலெக்டரில் சிவப்பு எல்இடி சேர்த்தால் இறக்கம் கொஞ்சம் குறையும், ஆனாலும் 6-ஐத் தாண்டும்.

தீர்வு எளிது. ஒவ்வொரு பேஸுக்கும் தொடராக ஒரு 1என்4148 டயோடு போடுங்கள், கோடு போட்ட முனை பேஸ் பக்கம்; மைனஸ் வோல்டேஜ் பேஸுக்குப் போகாமல் அது தடுத்துவிடும். திரும்ப ஓட்டி, கெப்பாசிட்டர் முனையையும் பேஸையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அதனால் எந்தச் சர்க்யூட்டாக இருந்தாலும், அலைவடிவம் சரியாக வந்ததும் டேட்டாஷீட்டின் உச்சவரம்புப் பக்கத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பாகத்தின் வோல்டேஜையும் கரண்டையும் ஒப்பிடுங்கள். கால் வாட் ரெசிஸ்டரில் 5 வாட் ஓடினாலும் சிமுலேஷனில் புகை வராது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு 20 சதவீதம் ஏற்ற இறக்கம் சகஜம் என்பதால், 8 மைக்ரோ, 12 மைக்ரோ இரண்டுக்கும் ஓட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: டயோடு போட்டதும் இரண்டு எல்இடியும் அசையாமல் எரிகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 47 கே ரெசிஸ்டரை பேஸில் நேரடியாகக் கொடுத்திருப்பீர்கள். அது டயோடுக்கு முன்னால், கெப்பாசிட்டர் சேரும் இடத்தில் வர வேண்டும். இல்லையென்றால் பேஸுக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். இந்தத் தவறை எல்டிஸ்பைஸ் அப்படியே காட்டிவிடும், பிரெட்போர்டில் வயரைப் பிடுங்குவதற்கு முன் அதில் மாற்றிப் பாருங்கள்.