அம்மாவின் இன்சுலின் ஊசிகள்

அம்மாவுக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின். போட்ட ஊசியை அப்படியே குப்பைப் பையில் எறிந்துவிடுவேன். ஒரு நாள் குப்பை வாங்க வரும் அக்கா விரலைக் காட்டினார். நுனியில் ஒரு பொட்டு ரத்தம். "பார்த்துப் போடும்மா" என்றார், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அப்புறம் கெட்டியான பினாயில் கேன் ஒன்றை எடுத்துவைத்தேன். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துவிடும். போட்டதும் ஊசி நேராகக் கேனுக்குள். முக்கால்வாசி நிரம்பினால் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, சிவப்பு மார்க்கரில் 'ஊசி' என்று எழுதி, அக்காவிடம் சொல்லியே தனியாகக் கொடுக்கிறேன். 2016 திடக்கழிவு விதிகளும் ஊசி, பேட்டரி, காலாவதி மாத்திரைகளைத் தனியாகத்தான் தரச் சொல்லியிருந்தன.