க்ளெய்ம் பணம் தாமதமானால் என்ன செய்வது: டெக்ஸாஸ் மாநில விதிகள், படிப்படியாக

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவர்களுக்காக மெடிக்கல் பில்லிங் வேலை செய்யும் நிறுவனங்களில் ஏ.ஆர். காலராக, அதாவது வராத பணத்தைத் தொலைபேசியில் கேட்டுப் பின்தொடர்பவராக, புதிதாகச் சேருபவர்களுக்கு, காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து “க்ளெய்ம் எந்த நிலையில் இருக்கிறது” (க்ளெய்ம் என்பது சிகிச்சைக்கான பணத்தைக் கேட்டு மருத்துவர் தரப்பில் அனுப்பும் கோரிக்கை) என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். “இன்னும் பரிசீலனையில் இருக்கிறது” என்ற பதில் எந்த நாளுக்குப் பிறகு சட்டப்படி செல்லாது என்பதைக் கற்றுக்கொடுப்பது குறைவு. அந்த நாளைக் கண்டுபிடிக்கும் முறையையே இங்கு விளக்குகிறேன். பணம் தர வேண்டிய கெடுவைப் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும் என்பதால், விரிவான விதிகளைக் கொண்ட டெக்ஸாஸை எடுத்துக்கொள்கிறேன். அங்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் இவை கடுமையாக்கப்பட்டன. காப்பீட்டுச் சட்டத் தொகுப்பின் 843ஆம் அத்தியாயம் எச்.எம்.ஓ. (பொதுவாக ஒப்பந்தம் செய்த மருத்துவர்களிடம் மட்டும் செல்லும்) திட்டங்களுக்கும், 1301ஆம் அத்தியாயம் பி.பி.ஓ. (கூடுதல் செலவில் வெளி மருத்துவர்களிடமும் செல்லக்கூடிய) திட்டங்களுக்கும் உரியவை.

படி 1: இந்தச் சட்டம் பொருந்துமா என்று பாருங்கள்

நோயாளியின் காப்பீட்டு அட்டையில் “டி.டி.ஐ.” (TDI) அல்லது “டி.ஓ.ஐ.” (DOI) என்ற எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தால், அது மாநிலக் காப்பீட்டுத் துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட திட்டம். முதலாளி நிறுவனமே தன் பணத்திலிருந்து ஊழியரின் மருத்துவச் செலவை ஏற்கும் செல்ஃப் ஃபண்டட் திட்டமாக இருந்தால், அட்டையின் மேல் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் இவ்விதிகள் பொருந்தா. அத்திட்டங்களை நிர்வகிக்கும் நிறுவனத்தின் மீது தாமதத்துக்கான அபராதத்தைச் சுமத்த முடியாது என்று 2016இல் அமெரிக்கக் கூட்டாட்சியின் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. மெடிகேர், மெடிகெய்ட் எனும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் க்ளெய்ம்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில், அதாவது அதனுடன் ஒப்பந்தம் செய்தவர்களின் பட்டியலில், இருக்கவும் வேண்டும். அவசர சிகிச்சை போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு உண்டு.

படி 2: க்ளெய்ம் போய்ச் சேர்ந்த நாளை ஆதாரத்துடன் உறுதிசெய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுவே என்பது என் கருத்து. காலக்கெடுவானது சிகிச்சை அளித்த நாளிலிருந்தோ, நீங்கள் க்ளெய்மை அனுப்பிய நாளிலிருந்தோ தொடங்குவதில்லை; குறையில்லாத க்ளெய்ம், அதாவது க்ளீன் க்ளெய்ம், காப்பீட்டு நிறுவனத்தைச் சென்றடைந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. சிகிச்சை அளித்த நாளிலிருந்து 95 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது மருத்துவருக்குரிய கெடு. ஒப்பந்தம் கூடுதல் அவகாசம் தராதபோது அதைத் தவறவிட்டால் பணம் கேட்கும் உரிமையே போய்விடும்.

மின்னணு முறையில் அனுப்பிய க்ளெய்ம், காப்பீட்டு நிறுவனமோ அதன் க்ளியரிங்ஹவுஸோ (க்ளெய்ம்களை இடையில் வாங்கி அனுப்பும் நிறுவனம்) பெற்றதாக மின்னணு ஒப்புகை தந்த நாளில் சேர்ந்ததாகக் கருதப்படும். சாதாரண முதல் வகுப்புத் தபாலில் அனுப்பினால் ஐந்தாம் நாள் சேர்ந்ததாகக் கருதப்படும். இங்கே புதியவர்கள் ஒரு வேறுபாட்டை மறக்கவே கூடாது. 999 என்ற ஒப்புகை, நீங்கள் அனுப்பிய கோப்பின் வடிவம் சரியாக இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு க்ளெய்மும் தனித்தனியாக ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பதை 277சி.ஏ. ஒப்புகைதான் காட்டும். உங்கள் பக்கத்து க்ளியரிங்ஹவுஸ் தரும் ஒப்புகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடினால், “எங்களுக்கு வரவேயில்லை” என்ற ஒரே பதிலில் உங்கள் வாதம் முடிந்துவிடக்கூடும்.

படி 3: கடைசி நாளைக் கணக்கிடுங்கள்

மின்னணு க்ளெய்முக்கு 30 நாட்கள், தாளில் அனுப்பியதற்கு 45 நாட்கள். ஒரு மின்னணு க்ளெய்ம் 2025 மார்ச் 3 அன்று சேர்ந்திருந்தால், கடைசி நாள் ஏப்ரல் 2. அதற்குள் நிறுவனம் முழுத் தொகையையும் தர வேண்டும். அல்லது ஒரு பகுதியைத் தந்துவிட்டு மீதியை ஏன் தரவில்லை என்றோ, முழுவதையும் ஏன் மறுக்கிறது என்றோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கெடுவுக்குள் காரணத்துடன் மறுத்திருந்தால் அது தாமதம் ஆகாது. நீங்கள் போக வேண்டிய வழி மேல்முறையீடு.

படி 4: கெடு நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்

சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கூடுதல் ஆவணம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் க்ளெய்ம் சேர்ந்த 30 நாட்களுக்குள் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 15ஆம் நாள், அல்லது முதலில் கணக்கிட்ட கடைசி நாள், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதுவே புதிய கெடு. ஆகவே மருத்துவப் பதிவேடுகளை அனுப்பினால் அது சேர்ந்த நாளுக்கும் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

தணிக்கை செய்கிறோம் என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. கெடுவுக்குள் ஒப்பந்தத் தொகை (ஒப்பந்தப்படி அந்தச் சிகிச்சைக்குத் தர வேண்டிய தொகை) முழுவதையும் தந்த பிறகே தணிக்கையைத் தொடர முடியும். அதையும் க்ளெய்ம் சேர்ந்த 180 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தொலைபேசியில் இந்தக் காரணம் சொல்லப்பட்டால், சொன்னவரின் பெயரையும் அழைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: அபராதத்தைக் கணக்கிடுங்கள்

பில் தொகை 1,000 டாலர், ஒப்பந்தத் தொகை 600 டாலர் என்று கொள்வோம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமான 400 டாலர்தான் கணக்கின் அடிப்படை. கடைசி நாளுக்குப் பின் 45 நாட்கள் வரை தாமதமானால் அதில் பாதி, அதாவது 200 டாலர் அபராதம். 46ஆம் நாள் முதல் 90ஆம் நாள் வரை என்றால் 400 டாலர் முழுவதும். 91ஆம் நாள் முதல் அந்த 400 டாலருடன் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேரும். வட்டி கணக்கிடப்படுவது, பணம் தந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. மேற்சொன்ன க்ளெய்முக்கு ஜூலை 11 அன்று, அதாவது 100 நாள் தாமதமாகப் பணம் வந்தால், வட்டி ஏறத்தாழ 19.73 டாலர். இவை ஒப்பந்தத் தொகையான 600 டாலருடன் கூடுதலாகத் தர வேண்டியவை என்பதைக் கவனியுங்கள். முதல் நிலையில் 1,00,000 டாலர், இரண்டாம் நிலையில் 2,00,000 டாலர் என உச்சவரம்பும் உண்டு.

இந்தச் சூத்திரத்தை வேறு மாநிலத்துக்குக் கொண்டு செல்லாதீர்கள். நியூயார்க்கிலும் 30, 45 நாட்கள்தான் கெடு. ஆனால் அங்கே தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்பதே அடிப்படை.

படி 6: எழுத்தில் கேளுங்கள், பிறகு புகார் செய்யுங்கள்

கெடு முடிவதற்குள் அதே க்ளெய்மை மறுபடியும் அனுப்பாதீர்கள். அதற்குத் தடை இருக்கிறது. கெடு முடிந்ததும் க்ளெய்ம் எண், சேர்ந்த நாள், கடைசி நாள், பணம் வந்த நாள், அபராதக் கணக்கு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்புகை நகலையும் இணைத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பணம் வந்தும் ஒப்பந்தத் தொகையை விடக் குறைவாக இருந்தால், அது கிடைத்த 270 நாட்களுக்குள் தெரிவித்துவிடுங்கள். அதன் பிறகு தெரிவித்தால், நிறுவனம் 30 நாட்களுக்குள் மீதியைக் கொடுத்து அபராதத்திலிருந்து விடுபட்டுவிடலாம். இத்தனைக்குப் பின்னும் முறையான பதில் இல்லையென்றால், டெக்ஸாஸ் காப்பீட்டுத் துறையிடம் மருத்துவரின் சார்பில் இணையவழியில் புகார் அளிக்கலாம். முன்பு அனுப்பிய அதே பக்கத்தையும் ஒப்புகையையும் அங்கேயும் இணைத்தால் போதும்.