மாடி போர்ஷனை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்க வருகிறவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குத் துணையாக வந்தவர்கள், மண்ணடிக்குச் சரக்கு எடுக்க வருகிற வியாபாரிகள் என்று வடசென்னையில் இரண்டு மூன்று நாள் தங்க இடம் தேடுகிறவர்களுக்குக் குறைவில்லை. காலியாக இருக்கும் மாடியை அவர்களுக்கு விடுவது நல்ல வருமானம்தான். ஆனால் "ரெண்டு நாள்தானே" என்ற நினைப்பில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்க எனக்குப் பதறுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த அக்கா ஒருவர் தன் விருந்தினர் நோட்டைக் காட்டினார். "யாழ்ப்பாணம், 4 பேர்" என்று மட்டும் எழுதியிருந்தது. பாஸ்போர்ட் எண் இல்லை, விசா விவரம் இல்லை. "நம்ம சனம்தானே, தமிழ்தானே பேசுறாங்க" என்றார். இங்கே நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும், பினாங்கிலிருந்து வந்தாலும், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். பல வருஷமாக 'சி ஃபார்ம்' என்று சொல்லிவருவது இதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. தகவல் கொடுக்க, வீட்டின் பெயரில் முதலில் லாகின் வாங்க வேண்டும். ஆள் வாசலில் வந்து நின்ற பிறகு அதை ஆரம்பித்தால் நேரம் போதாமல் போகலாம். அதனால் முதல் புக்கிங்குக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது, வாடகைக்கு எடுத்த வீட்டையே புக்கிங் ஆப்பில் போட்டு நாள் வாடகைக்கு விடுவது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, உரிமையாளரோடு துணை ஒப்பந்தம் எழுதாமல் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விட முடியாது. ஹவுஸ் ஓனர் போனில் "சரி, விட்டுக்கோங்க" என்று சொன்னது கணக்கில் வராது. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதிகளையும் படித்துவிடுங்கள். அரசு ஒதுக்கிய குடியிருப்பு என்றால் ஒதுக்கீட்டு ஆணையில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று பார்க்காமல் யாருக்கும் சாவி தராதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டு இணைப்பில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதிலேயே இரண்டு ஏசி ஓட்டி விருந்தினரைத் தங்கவைத்தால், இணைப்பு கொடுத்த காரணம் ஒன்று, பயன்பாடு வேறு என்று மின்வாரியம் சொல்லலாம். மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில், பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கு. உங்கள் பகுதி ஈபி ஆபீசில் எந்தக் கட்டண வகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொத்து வரிக்கும் மாநகராட்சியில் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

வருஷ வரவு 20 லட்சத்துக்கு மேல் போனால்தானே ஜிஎஸ்டி என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆப் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்த வரம்புக்குள் இருந்தாலும் வரி உண்டு, அதை ஆப் நிறுவனமே கட்டும். உங்கள் வருமான வரிக் கணக்கில் இந்தப் பணம் வந்தாக வேண்டும்.

'ஹோம்ஸ்டே' என்று போர்டு மாட்டிவிட்டு, பூத்தொட்டிக்கு அடியில் சாவியை வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மத்திய சுற்றுலாத் துறையின் திட்டத்தில் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்க வேண்டும். அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை.

அப்புறம், ஆதார் நகலை வாட்ஸப்பில் வாங்கி அப்படியே போனில் விட்டுவைக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். கேமரா வைப்பதென்றால் வெளி வாசலில் மட்டும் வையுங்கள், அது இருப்பதை வரும்போதே சொல்லிவிடுங்கள். நான் அந்த அக்காவின் நோட்டில் அன்றே புதிதாகப் பத்திகள் போட்டுக் கொடுத்தேன்: பெயர், எந்த நாடு, பாஸ்போர்ட் எண், விசா எண், வந்த தேதியும் நேரமும், போன தேதி, கையெழுத்து.