டேட்டாபேஸ் சேமிப்பகத்தைச் சோதிக்க எம்பி (மெகாபைட்) கணக்கு போதாது

அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. மாலைக் கொழுந்து நிறுவை முடிந்து பதிவுகள் ஒன்றாக வந்து விழும்போது மட்டும் டேட்டாபேஸ் திணறும். ஐஸ்கசி (iSCSI, நெட்வொர்க் வழியே டிஸ்க்கை இணைக்கும் முறை) வழி இணைத்த சேமிப்பகத்தை, தரவைத் தொடர்ச்சியாக எழுதிப் பார்க்கும் டிடி (dd) கட்டளையால் சோதித்தேன். நொடிக்கு 110 எம்பி. 1 கிகாபிட் கேபிளின் உச்சமே 125தான், அப்படியென்றால் குறை எங்கே?

டேட்டாபேஸுக்கு வேண்டியது அந்த எண்ணே இல்லை. ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை நிரந்தரமாகச் சேமிக்கும் படி) சேமிப்பகத்திலிருந்து "எழுதியாயிற்று" என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். அது 5 மில்லிசெக்கண்ட் எடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாக கமிட் செய்யும் ஓர் இணைப்பு நொடிக்கு 200ஐத் தாண்டாது, கேபிளை எவ்வளவு பெரிதாக்கினாலும் சரி.

அதனால் ஃபியோ (fio) என்ற சேமிப்பகச் சோதனைக் கருவியில் 8 கிலோபைட் பிளாக் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பக்க அளவு), டைரக்ட் 1 (direct, இயங்குதளத்தின் கேஷைத் தவிர்க்க), எஃப்சிங்க் 1 (fsync, ஒவ்வொரு எழுத்தும் உறுதியாகும்வரை காத்திருக்க), ஐஓ டெப்த் 1 (iodepth, ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை மட்டும்) என வைத்து ரைட் சோதனை ஓட்டுங்கள். சராசரியை விடுங்கள், முடிவின் சிங்க் (sync) பகுதியில் 99ஆவது சதமானத்தை (நூற்றில் 99 எழுத்துகள் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள், பயனர் உணர்வது அதைத்தான். அரை மணி நேரமாவது ஓடட்டும், இல்லையென்றால் சேமிப்பகத்தின் கேஷின் (தற்காலிக வேக நினைவகம்) வேகத்தையே அளப்பீர்கள். அதே நெட்வொர்க் சுவிட்சில் சிசிடிவி இருந்தால், அன்றாட நெரிசலோடு அளக்க, அதை நிறுத்தாமலே சோதியுங்கள்.

அப்புறம், முக்கியமாக: ஃபியோ எழுதும் இலக்காக டிஸ்க்கின் பெயரைக் கொடுக்காதீர்கள், தரவு அழிந்துவிடும். தனிச் சோதனைக் கோப்பைக் கொடுங்கள்.